கீழாநெல்லியும் மஞ்சள் கண்ணும்

தேனி மாவட்டம் வடுகபட்டிப் பக்கம் ஒருவருக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால், அன்றைக்கே வரப்புக்கு ஆள் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். ஒரு கைப்பிடி கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். மூன்று நாள் கொடுக்கும் வீடும் உண்டு, ஏழு நாள் கொடுக்கும் வீடும் உண்டு. உப்பு, புளி, எண்ணெய் மூன்றும் விலக்கு. அப்பத்தா சொன்ன பக்குவம், அம்மாச்சி சொன்ன பக்குவம் என்று அளவில் சிறு வேறுபாடு இருக்குமே தவிர, மருந்து எது என்பதில் யாருக்கும் ஐயம் கிடையாது.

பூண்டுச் சந்தை கூடும் நாளில் இங்கே டீக்கடை பெஞ்சில் இடம் கிடைப்பது அரிது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று கொடைக்கானல் மேல்மலை ஊர்களிலிருந்து வந்த மலைப்பூண்டு மூட்டைகளை இறக்கிவிட்டு வந்தவர்கள், கமிஷன் கடைக்காரர்கள், வாங்க வந்த வெளியூர் வியாபாரிகள் எல்லாரும் வந்து உட்காரும் இடம் அது. அங்கே ஓர் இளவட்டம் கேட்ட கேள்வி இது: "ஏண்ணே, மஞ்சக்காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடையாதாம்ல. கீழாநெல்லிதானாம்ல. அப்புறம் எதுக்கு டாக்டர்கிட்டப் போயி காசக் கொட்டணும்?"

கேள்வியில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி உயிரை விட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் முதலிலிருந்தே பேசிவிடலாம்.

செடியிலிருந்து தொடங்குவோம். மழை விழுந்து சில நாள் கழித்து வரப்போரம், வாழைத்தோட்டத்து நிழல், வீட்டுக் கொல்லை, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடம் என ஈரம் இருக்கும் எங்கும் முளைக்கும். ஒரு சாண் உயரம், மிஞ்சினால் ஒரு முழம். நேரே எழும் தண்டிலிருந்து பக்கவாட்டில் மெல்லிய குச்சிகள் போகும். குச்சியின் இரு பக்கமும் சிறு இலைகள் வரிசையாக நிற்கும். பார்த்தவுடன் இதை ஒரு கூட்டிலை என்றுதான் நினைப்போம். ஒரு குச்சியை ஒடித்துத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வோர் இலையின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்கும். இலையின் கக்கத்தில் மொட்டு வரும், கூட்டிலையின் சிற்றிலைக் கக்கத்தில் வராது என்பது தாவரங்களின் பொது விதி. ஆகவே நாம் கூட்டிலை என்று நினைத்தது உண்மையில் ஒரு கிளை. அதில் இருப்பது ஒவ்வொன்றும் தனி இலை.

பூவைப் பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். கடுகை விடச் சிறியது, பச்சை கலந்த வெள்ளை, ஐந்து இதழ்கள். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கக்கத்தில் ஜோடியாக இருக்கும். பெண் பூ காயானதும் சிறு காம்பில் தொங்கும். இரண்டு மில்லிமீட்டர் அகலம், வழவழப்பு, உள்ளே மூன்று அறைகள், அறைக்கு இரண்டு விதை. முற்றினால் வெடித்து விதையைத் தெறிக்க விடும். ஒரு செடி நின்ற இடத்தில் அடுத்த மழைக்கு முப்பது செடி நிற்பது அதனால்தான். பொழுது சாய்ந்ததும் இலைகள் மடங்கிக்கொள்ளும். நாம் ஊறுகாய் போடும் பெருநெல்லியும் இதே ஃபில்லாந்தஸ் பேரினத்தில் அடங்கியது. மரமும் சிறு செடியும் பார்க்க ஒட்டாது, ஆனால் நெல்லி மரத்தின் கிளையையும் திருப்பிப் பார்த்தால் உறவு புரியும்.

இதே வரப்பில் இதைப் போலவே இன்னும் சில நிற்கும். சிவப்புக் கீழாநெல்லியின் தண்டு சிவப்பேறியிருக்கும். காய்க்குக் காம்பு இருக்காது, குச்சியோடு ஒட்டியே இருக்கும், தொட்டால் சொரசொரக்கும். மேலாநெல்லியின் இலை நுனி அகன்று அடி குறுகியிருக்கும். அதற்கு நம் சென்னையின் பழைய பெயரையே சேர்த்து ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கீழாநெல்லி என்று நாம் பிடுங்குவது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். பேர் தெரிந்தவர்கள் நிறைய. காயில் காம்பு இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்தக் குழப்பம் நம் வீட்டோடு நிற்கவில்லை. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபார்ச் செடிகளை வரைந்து தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதன் 10-ஆம் தொகுதியில் 'கிர்கநெல்லி' என்று நம் செடியே படத்தோடு இருக்கிறது. பிறகு 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்காவில் வளர்வது. ஆனால் இருநூறு ஆண்டுக்கும் மேலாக இந்தியப் புத்தகங்களும் மருந்துச் சீசாக்களும் நம் கீழாநெல்லியை நிரூரி என்றே எழுதிவந்தன. 1985-ல் மித்ரா, ஜெயின் என்ற இரு தாவரவியலாளர்கள் இந்திய மாதிரிகளை எடுத்து வைத்துப் பிரித்தபோது, நிரூரி என்று ஒரே பெயரில் போட்டிருந்தது அமாரஸ், ஃபிராட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று தனிச் செடிகள் என்று தெரிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து இது தேவைப்படும்.

சரி, காமாலைக்கு வருவோம். காமாலை என்பது நோயின் பெயர் அல்ல, அறிகுறி. நம் ரத்தத்தின் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும். அது உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு வரும். கல்லீரல் அதைப் பிடித்து, கரையும் பொருளாக மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பும். மலத்தின் பழுப்பு நிறம் அதிலிருந்து வருவதுதான். ரத்தத்தில் பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது இயல்பு. ஏறக்குறைய 3-ஐத் தொடும்போது கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரியத் தொடங்கும்.

வராக நதிப் பாசனத்தில் பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம். மேலேயிருந்து வரத்து அதிகம், அல்லது மடை பழுது, அல்லது வெளியேறும் வாய்க்கால் அடைப்பு. காமாலையும் அப்படித்தான். மலேரியா போன்றவற்றில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தால் அது வரத்து. வைரஸ், சாராயம், ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவை கல்லீரலைத் தாக்கினால் அது மடை. பித்தப்பைக் கல் குழாயில் இறங்கி மாட்டிக்கொண்டாலோ, கணையத்தின் தலைப்பக்கம் கட்டி வந்து குழாயை அழுத்தினாலோ அது வாய்க்கால். மூன்றிலும் கண் ஒரே மஞ்சள்தான். வாய்க்கால் அடைப்புக்கு ஓர் அடையாளம் உண்டு: மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகும், உடம்பெல்லாம் அரிக்கும், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் இறங்கும். குழாயில் மாட்டிய கல்லை அம்மியில் அரைத்த எந்த மூலிகையும் எடுக்காது. எண்டோஸ்கோப் விட்டு எடுக்க வேண்டும், தாமதமானால் குழாயில் சீழ் பிடிக்கும்.

நம்முடைய வயல்களுக்கே உரிய இன்னொரு காமாலை இருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண், பிறகு காமாலை, சிறுநீரகக் கோளாறு. இதற்கு இங்கிலீஷ் மருந்து நன்றாகவே இருக்கிறது. பென்சிலினும் டாக்ஸிசைக்ளினும் நேரத்தோடு கொடுத்தால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் ஏழு நாள் மோர் கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருப்பதைத்தான் நான் பயந்து பயந்து சொல்கிறேன்.

இனி அந்தச் சரியான பாதி. நம் பக்கம் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் காமாலையில் பெரும்பங்கு ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்ற இரண்டு வைரஸ்களால் வருவது. குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கசிந்தால், கொதிக்காத தண்ணீரில் ஐஸ் போட்டுக் குடித்தால், சில வாரம் கழித்துத் தெரியும். முதலில் காய்ச்சல், வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல், பிறகு மஞ்சள். இந்த இரண்டுக்கும் குறிப்பாகக் கொல்லும் மருந்து என்று வழக்கமாக எதுவும் கொடுப்பதில்லை, உண்மைதான். காரணம், உடம்பே அதை வென்றுவிடும். மஞ்சள் தெரியும் நாளில் வைரஸின் ஆட்டம் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருக்கும். பெரும்பாலோருக்கு நான்கிலிருந்து எட்டு வாரத்தில் கண் வெளுத்துவிடும்.

கீழாநெல்லி கொடுத்தவருக்கும் அப்படியே வெளுக்கும், கொடுக்காதவருக்கும் அப்படியே வெளுக்கும். கொடுத்த வீடு செடியை வாழ்த்தும். அந்த வாழ்த்தில் பொய் எதுவும் இல்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் செடிதான் செய்ததா என்று தெரிய வேண்டுமானால், ஒரே நோய் உள்ள இரண்டு கூட்டத்தில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். திருவனந்தபுரத்து மருத்துவர்கள் அதைச் செய்து 1999-ல் வெளியிட்டார்கள். திடீரென வரும் வைரஸ் காமாலையில் ஃபில்லாந்தஸ் அமாரஸ் பொடி, காமாலை நீடிக்கும் நாட்களைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்பது அவர்கள் கண்டது.

அப்படியானால் கீழாநெல்லியை உலகமே ஆராய்ந்ததாகச் சொல்கிறார்களே, அது என்ன? அது நம் சென்னையில் நடந்த கதை. தமிழர் ஒவ்வொருவரும் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1960-களின் நடுவில் அமெரிக்க மருத்துவ அறிஞர் பரூக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் விசித்திரமான ஒரு புரதத்தைக் கண்டார். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்று பிறகு தெரிந்தது. இன்று லேப் சீட்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று எழுதுவது அதைத்தான். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு. ஹெபடைடிஸ் பி தண்ணீரால் பரவுவதில்லை. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்ற வழிகளில் பரவும். கைக்குழந்தையில் தொற்றினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களுக்குக் கண் மஞ்சளிக்காது, வலி இருக்காது, இருபது முப்பது வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு சிலருக்குக் கல்லீரல் சுருங்கும், சிலருக்குப் புற்று வரும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் துறையில் இருந்த எஸ்.பி. தியாகராஜனும் உடன் பணியாற்றியவர்களும் நாட்டு வைத்தியம் காமாலைக்குச் சொல்லும் செடிகளை எடுத்து, அந்த மேலுறைப் புரதத்தை எது செயலிழக்கச் செய்கிறது என்று சோதனைக் குழாயில் பார்த்தார்கள். கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி இரண்டையும் பற்றிய அவர்களது முடிவு 1982-ல் வெளிவந்தது. பிலடெல்பியாவில் பிளம்பர்க்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வெங்கடேஸ்வரன், அங்கே கீழாநெல்லிச் சாற்றை வைத்து அடுத்த கட்டத்துக்குப் போனார். வட அமெரிக்காவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் உட்சக் என்ற அணில் குடும்பத்து விலங்குக்கு, ஹெபடைடிஸ் பி-க்கு உறவான ஒரு வைரஸ் இயற்கையிலேயே வரும். சாற்றை அந்த விலங்குகளுக்குக் கொடுத்தார்கள். புதிதாகத் தொற்றியிருந்த நான்கில் மூன்று விலங்குகளுக்கு வைரஸ் மறைந்தது. 1987-ல் அது அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் வந்தது; அதே ஆண்டு அங்கே காப்புரிமையும் வாங்கினார்கள்.

அடுத்தது மனிதர்கள். தியாகராஜனும் பிளம்பர்க்கும் சேர்ந்து, வைரஸைச் சுமந்துகொண்டிருந்த சென்னைக்காரர்களுக்கு உலர்ந்த ஃபில்லாந்தஸ் அமாரஸ் பொடியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெற்று கேப்சூல். 1988-ல் லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு அச்சானது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்று கேப்சூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். தானாக அது மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தாலே அதிகம். ஒரு மாதத்தில் நூற்றுக்கு 59 என்றால் உலகம் நிமிர்ந்து உட்காராதா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் கண் மஞ்சளித்துப் படுத்திருந்தவர்கள் அல்லர். நோய் வெளியே தெரியாமல் வைரஸை மட்டும் சுமந்தவர்கள். ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்த செய்தி, 'மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி என்று வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டான்' என்பதாக இருந்தது. லான்செட் சொன்னது வேறு, டீக்கடைக்கு வந்தது வேறு.

நல்ல ஆய்வு என்றால் மற்றவர்களும் செய்து பார்ப்பார்கள். தாய்லாந்தில் செய்தார்கள், 1990-ல் லான்செட்டிலேயே பலனில்லை என்று எழுதினார்கள். நியூஸிலாந்தில் செய்தார்கள், 1994-ல் அதே விடை. 2011-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, ஹெபடைடிஸ் பி-க்கு ஃபில்லாந்தஸ் பேரினச் செடிகளைக் கொடுத்துப் பார்த்த 16 ஆய்வுகளை, 1,326 நோயாளிகளை, ஒன்றாக வைத்து அலசியது. பயன் உண்டென்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது.

அப்படியென்றால் சென்னையில் நடந்தது பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டேன். சிறு எண்ணிக்கையில் நடக்கும் ஆய்வில் தற்செயலும் கலக்கும். அது போக, இப்போதுதான் நான் மனதில் வைக்கச் சொன்ன விஷயம் வருகிறது. ஊருக்கு ஊர் எந்தச் செடி, எந்த மண், எந்தப் பருவத்தில் பறித்தது, எப்படி உலர்த்தியது என்பதெல்லாம் மாறும். கீழாநெல்லியில் இருக்கும் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் ஆகிய பொருட்கள் இலையில்தான் மிகுதி. தண்டும் வேருமாக அரைத்த பொடியில் அளவு வேறு. தென்னிந்திய மருந்துச் சரக்குக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்பதை வாங்கி மரபணுச் சோதனை செய்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. சரக்கில் நான்கில் மூன்று பங்கு சரியான அமாரஸ். மீதியில் சிவப்புக் கீழாநெல்லி, மேலாநெல்லி உட்பட ஐந்து வேறு இனங்கள் கலந்திருந்தன. சரியான இலை, சரியான அளவு என்று கட்டுப்படுத்திப் பெரிய ஆய்வு ஒன்றை இந்தியா மீண்டும் செய்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். நம் செடி, நம் பல்கலைக்கழகம் கண்டது. அதன் முடிவையும் நாமே எழுதியிருக்கலாம்.

அதற்குள் வேறு கதவு திறந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸ் தன் மரபணுவைக் கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள் ஒளித்து வைக்கும். அதனால் முழுதாக விரட்டுவது இன்றும் கடினம். ஆனால் டெனோஃபோவிர், என்டகாவிர் என்ற மாத்திரைகள் வைரஸைப் பெருகவிடாமல் அடக்கி வைத்துவிடுகின்றன. கல்லீரல் சுருங்குவதும் புற்று வருவதும் பெருமளவு குறைகின்றன. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஜூலை 28 பிளம்பர்க்கின் பிறந்தநாள். உலக ஹெபடைடிஸ் நாளாகக் கொண்டாடுவதும் அன்றுதான்.

"அப்போ கீழாநெல்லிய விட்றலாமா?" என்று பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார். விட வேண்டாம் மாமா. மருந்தாய்வு ஒரு நோய்க்கு உதவவில்லை என்று சொன்னால் அந்த நோய்க்கு மட்டும்தான் அந்தத் தீர்ப்பு. எலிகளுக்கு நச்சுப் பொருள் கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில், கீழாநெல்லிச் சாறு அந்தச் சேதத்தைக் குறைப்பது பலமுறை தெரிந்திருக்கிறது. பிரேசிலில் இதன் நெருங்கிய சொந்தமான நிரூரியைச் சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயமாகக் குடிக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயரே கல்லுடைப்பான் என்பதுதான். சாவோ பாவ்லோ ஃபெடரல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, கல் உடைவதை விட, கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக வளர்வதை அது தடுப்பதாகத் தெரிந்தது. நம் பக்கம் சொறி சிரங்குக்கு இலையை உப்போடு அரைத்துப் பூசுவார்கள், சூட்டுக்குத் தைலமாகக் காய்ச்சித் தலையில் தேய்ப்பார்கள். சித்த மருத்துவம் இதைக் குளிர்ச்சியுள்ள செடியாகக் கொள்கிறது. பெரியாஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு இருக்கிறது. ரத்தச் சோதனைச் சீட்டோடு அங்கே போய்க் கேட்டால் அளவு சொல்லிக் கொடுப்பார்கள். எந்தச் செடி, எவ்வளவு, யாருக்கு என்று தெரிந்தவர் கையால் வருவதற்கும், பிளாஸ்டிக் பையில் பிடுங்கிக்கொண்டு வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பிடுங்குவது என்றால் எங்கே பிடுங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். அப்பத்தா காலத்து வரப்பு வேறு, இன்றைய வரப்பு வேறு. இப்போது வரப்பில் களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை, களைக்கொல்லி அடிக்கிறோம். திராட்சைக்கும் வாழைக்கும் அடிக்கும் பூச்சிமருந்து காற்றில் ஓரத்துச் செடிக்கும் போகிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி சிறிதளவு உள்ளே போனாலும் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் கெடுக்கும். மாற்று மருந்தே கிடையாது. நேற்று மருந்தடித்த வரப்பில் இன்று பறித்த கீழாநெல்லியைப் பச்சையாக அரைத்து நோயாளிக்குக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். வேண்டுமென்றால் வீட்டில் இரண்டு தொட்டியில் வளருங்கள். முற்றிய செடியின் விதையைத் தூவினால் போதும், நிழலும் ஈரமும் இருந்தால் தானே வரும்.

இன்னும் சில பழக்கங்களைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். சாற்றைக் கண்ணில் விடுவது, மூக்கில் விடுவது, காமாலை இறங்கும் என்று கையில் சூடு போடுவது மூன்றும் கூடாது. பிறந்த குழந்தையின் மஞ்சளுக்கு எந்தச் செடியும் கூடாது. குழந்தைக்குப் பிலிருபின் ஏறினால் மூளையைத் தாக்கும்; நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பதுதான் வைத்தியம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கீழாநெல்லி சர்க்கரையை மேலும் இறக்கலாம், மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. காசநோய் மாத்திரை சாப்பிடும்போது கண் மஞ்சளித்தால் அது அந்த மாத்திரையாலேயே இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பத்தியம் என்று ஆளைப் பட்டினி போடுவதும் தவறு. நோயுற்ற கல்லீரல் தன்னைப் புதுப்பிக்கச் சோறும் பருப்பும் பழமும் வேண்டும். குமட்டல் இருக்கும்வரை எண்ணெய் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். சாராயம் மட்டும் அறவே கூடாது.

கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளித்தால் வரப்புக்கு ஆளே போகக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். ஹெபடைடிஸ் இ மற்றவர்களுக்கு வந்து போகும் நோய். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளிலோ ஐந்தில் ஒருவர் வரை அதில் இறந்திருக்கிறார்கள். அதே போல, காமாலை கண்டவர் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலும், பேச்சு குழறினாலும், ஆள் தெரியாமல் பேசினாலும், ஈறில் ரத்தம் கசிந்தாலும், வயிறு உப்பினாலும், கல்லீரல் கைவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கும்.

இளவட்டம் கடைசியாகக் கேட்டது, "அப்ப என்ன டெஸ்ட் எடுக்கச் சொல்லணும்ணே?" என்பது. எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் சோதனை முதலில். அதில் எந்தப் பிலிருபின் கூடியிருக்கிறது, எந்த நொதி ஏறியிருக்கிறது என்பதை வைத்தே வரத்தா, மடையா, வாய்க்காலா என்று மருத்துவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். ரத்தம் உறையும் நேரத்துக்கு ஒரு சோதனை. அடைப்பு ஐயம் இருந்தால் வயிற்று ஸ்கேன். கூடவே எச்.பி.எஸ்.ஏ.ஜி.-யும் ஹெபடைடிஸ் சி சோதனையும். தேனிக்குப் பக்கத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே போகலாம்.

எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று வந்தால் பயந்து ஆளை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே டம்ளரில் டீ குடித்தால் அது ஒட்டாது. சவர பிளேடும் பல் துலக்கும் பிரஷும் தனியாக இருந்தால் போதும். வீட்டில் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி மூன்று: இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும், அதோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும். அந்த ஒரு நாளைத் தவறவிடக் கூடாது.